துண்டுக்குள் மூடிய கை

“கையை உள்ள விடு தாயி. நமக்குன்னா ஒத்தை விரல், அவங்களுக்குன்னா ரெண்டு. ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல.”

“நான் இன்னும் முடிவு பண்ணலண்ணே.”

“ஓட்டுப் போட ஒரு வாரந்தான் கெடக்கு. ஆட்டுக்கு வெலை பேசக்கூட நீ இம்புட்டு யோசிக்க மாட்டியே.”

நாகஜோதி சிரித்தாள். அய்யலூர் சந்தையில் ஆட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகர் கைகளின் மேல் துண்டைப் போர்த்துவார். அந்தச் சின்ன இருட்டுக்குள் விரல்கள் பேசிக்கொள்ளும். தரகர் சோலைமுத்து கட்சிக்காரரும்கூட. ஆடு விற்க வந்தவளிடம் இப்போது ஓட்டுக்காக அதே துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவள் கையை விட்டாள். அவர் தடவிப் பார்த்தார். விரலே இல்லை, மூடிய கை.

“என்ன தாயி, வெளாடுறியா?”

“போன தடவை நம்ம பூத்துல எத்தனை ஓட்டுல தோத்தீங்க?”

“பதினொண்ணு.” பல்வலிக்காரரைப் போல முகத்தைச் சுளித்தார்.

“எங்கூர்ல முடிவு பண்ணாத வீடு மட்டும் இருபது இருக்குண்ணே.”

அவள் ஊர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தண்டவாளத்தில் ஏறித்தான் கடக்க வேண்டும். போன ஐப்பசியில் அவளுடைய இரண்டு ஆடுகள் ரயிலில் அடிபட்டன. அவற்றுக்குச் சற்று முன்னால் கடந்து நூலிழையில் தப்பியவள் மகள் அறிவுச்செல்வி. ரயில் வீசிய காற்றில் மகளின் துப்பட்டா பறந்தது நாகஜோதிக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது.

“தண்ணிக்கு வழி பண்றோம்னுதான் சொல்லியாச்சே. பெறகென்ன?” என்றார் சோலைமுத்து.

“அந்தக் கட்சிக்காரவுகளும் அதையேதான் சொன்னாக. ரெண்டு பேரும் காதுக்குள்ள சொன்னா, நாளைக்கு யாருண்ணே சாட்சி?”

வேட்பாளரின் வேன் சந்தைக்குள் வந்து நின்றது. மைக்கோடு இறங்கியவரைச் சோலைமுத்து நேராக அவளிடம் கூட்டி வந்தார். வேட்பாளர் சிரித்தபடி அவள் கையைப் பற்றினார். உடனே சோலைமுத்து, பழக்கதோஷத்தில், இருவர் கைகளின் மேலும் துண்டைப் போர்த்திவிட்டார்.

“ஏலே, வெலை படிஞ்சிருச்சாப்பா?” என்று ஒருவர் கத்த, சந்தையே சிரித்தது.

நாகஜோதி சிரிக்கவில்லை. மறுகையால் துண்டை உருவி, பக்கத்தில் நின்ற கிடாயின் முதுகில் போட்டாள். வேட்பாளரின் கையை மட்டும் விடவில்லை.

“மொத மழை அன்னைக்கு நீங்களே வந்து, எம்மக கூட அந்தச் சுரங்கப்பாதையில நடந்து கடக்குறேன்னு சொல்லுங்கய்யா. எங்கிட்ட இல்ல, மைக்ல.”