ஆட்டுத்தோல் எண்டு சொன்ன தோல்

அம்மணப் படத்தைக் கண்டுதான் மக்கீன் காக்கா கொதித்தார் எண்டு ஊருக்குள் ஒரு கதை ஓடுது. பச்சைப் பொய். அம்மணம் அவருக்கு முதலே தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பிரகாஸ் அவருடைய சாய்ந்தமருதுச் செருப்புக் கடைக்கு வந்து நேராகத்தான் கேட்டான். கல்முனை ஆள், நாற்பதைத் தொடுகிறவன், பொத்துவில் பக்கம் ஸ்டூடியோ வைத்து வெள்ளைக்காரரைப் படம் பிடிக்கிறவன்.

"காக்கா, தோல் வாரை வெறும் உடம்பில கட்டிப் படம் எடுக்கப் போறன். கழுத்துப் பட்டி, கைப் பட்டி, நெஞ்சு வார். தோலைக் கண்டா ஆசை வாற சனம் உலகத்தில இருக்கு. அவங்களுக்கு ஒரு புத்தகம்."

"தோலைக் கண்டா ஆசையா? அப்ப நான் அம்பது வருசமா இந்தக் கட்டையில ஆசையோடயா குந்திக்கிட்டு இரிக்கன்?" மக்கீன் காக்கா கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். "கட்டுறவளுக்குச் சம்மதமா?"

"ஓம். முப்பத்தாறு வயசு, கொழும்பில டான்ஸ் படிப்பிக்கிறவ."

"அப்பச் செய்யிறன். வளந்த சனம் கதவைச் சாத்திட்டுச் செய்யிறது எனக்கென்னத்துக்கு? ஒண்டு மட்டும். என்னோட பொய் கதைக்காத."

அந்தப் பெண் நிலாந்தினி ஒரு நாள் வந்தாள். மக்கீன் காக்கா டேப்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் தன்னைத் தானே அளந்து சொல்லச் சொல்ல, இவர் சோக்கட்டியால் சுவரிலேயே எழுதினார். வார் முடிந்ததும் சட்டைக்கு மேலால் போட்டுப் பார்த்தாள். விரலை வாருக்குக் கீழே விட்டு மெல்ல ஓட்டிக்கொண்டு சொன்னாள்: "காக்கா, இது கட்டிப் போட்ட மாதிரி இல்ல. ஆரோ பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி."

அவர் அந்தச் சொல்லை ரெண்டு நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வாருக்கு வெளித்தோல் இவர் வாங்கினது, மாடு. உடம்பில் உரசாமல் உள்ளுக்கு வைக்கிற மெத்தென்ற தோலைப் பிரகாஸ்தான் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான். கறுப்புச் சாயம் தடிப்பாய்ப் பூசியிருந்தது. மணந்து பார்த்தார், சாயம்தான் மணத்தது.

"என்ன தோல் இது?"

"ஆடு காக்கா."

"ஆடுதானா?"

"ஆடுதான்."

ரெண்டு தரம் கேட்டார், ரெண்டு தரமும் ஆடு எண்டான். மறுகா அவர் கேட்கவில்லை. அவர் தைக்கிற முறை ரெண்டு ஊசி, ரெண்டு கை. வாரின் நுனி பல்லுக்குள். நூலை நனைக்கிறது நாக்கால்.

அவர் கொதித்த அன்றைக்குக் காலையில் பிரகாஸ் லெப்டொப்போடு வந்தான். மக்கீன் காக்கா கிட்டக் குனிந்து படங்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்து விழுகிற வெளிச்சத்தில் நிலாந்தினியின் முதுகு. வேர்வை மினுங்குது. தோளிலிருந்து இடுப்புக்கு வார் வழுக்கிக்கொண்டு இறங்குது. முடியைத் தூக்கிக் கட்டிய பிடரியில் பட்டி. தன் கையால் செய்ததா இது எண்டு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"தையலைக் கிட்டக் காட்டு."

பிரகாஸ் பெருமையோடு பெருப்பித்தான். தையல் நெல்லு மணி போல ஒழுங்காய் விழுந்திருந்தது. அதுக்குப் பக்கத்தில், உள்தோல் வெளியே மடிந்த ஓரத்தில், வேர்வை பட்டுச் சாயம் விட்டிருந்தது. மயிர் முளைத்திருந்த துளை, மயிர்க்கண், தெரிந்தது. மூன்று மூன்றாய். அடுப்புக் கல்லு வைத்த மாதிரி.

மாட்டுக்கு மயிர்க்கண் தனித்தனியாய்ச் சிதறிக் கிடக்கும். ஆட்டுக்கு வரிசை வரிசையாய் வரும். மூன்று மூன்றாய்க் கூடியிருந்தால் பன்றி. கடை போட முதல் கொழும்புச் சப்பாத்துக் கொம்பனியில் வேலை செய்த காலத்தில் வெளிநாட்டுச் சப்பாத்துகளைப் பிரித்துப் பிரித்துப் படித்த பாடம் அது.

"இது என்ன தோல்?"

"சொன்னேனே காக்கா, ஆடு."

"இந்த ஆடு எந்தக் காட்டில கிழங்கு தோண்டிச்சு?"

பிரகாஸ் படத்தைப் பழையபடி சின்னதாக்கினான். "அதுதான் நல்ல மெத்தெண்ட தோல். சொன்னா நீங்க தொட மாட்டீங்க எண்டுதான்..."

"தொட மாட்டன் எண்டு தெரிஞ்சிதானேடா ஆடு எண்ட நீ! வாயிலடா வச்சிருந்தன்! பல்லால கடிச்சிப் புடிச்சி! அந்த வாயாலதானே அஞ்சு நேரமும் ஓதின நான்!"

"கத்தாதீங்க காக்கா. கழுவினாப் போச்சு. ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சிட்டே!"

பிரகாஸுக்கும் சூடு ஏறிவிட்டது. "நீங்க மட்டும் உண்மையா கதைக்கிறீங்க? இது என்ன வார் எண்டு ராத்தா கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? நுவரெலியாக் குதிரைக்கு எண்டீங்க. நான் பக்கத்திலதான் நிண்டனான்."

பெண்சாதி ஹவ்வா உம்மாவுக்கு மக்கீன் காக்கா அப்படித்தான் சொன்னார். உண்மைதான். உண்மையாய் இருந்ததால் கோபம் இன்னும் கூடினது.

அந்த நேரம் பார்த்துச் சாரன் கடை நிஸாம் உள்ளே வந்தான். "காக்கா, செருப்பு முடிஞ்சா? ஜும்ஆவுக்குப் போடணும்."

பிரகாஸ் லெப்டொப்பைப் பட்டெண்டு மூடினான். சொல்லாதீங்க எண்டு கண்ணால் கெஞ்சினான். தையல் பிழைச்சிட்டு, நாளைக்கு வா எண்டு ஒரு சொல் மக்கீன் காக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. லேசான சொல். அந்தப் பொய்யைச் சொல்லாமல் துப்பினார்.

"முடிஞ்சி. தரமாட்டன். பண்டித் தோலுக்குக் குத்தின ஊசியாலதான் ஒன்ட செருப்பையும் குத்தியிரிக்கன்."

நிஸாம் நீட்டின கையை இழுத்துக்கொண்டான்.

"கேளு. ஒரு பொம்புளைட மேலில கட்டிப் படம் எடுக்க நான் வார் தெச்சன். என்ன வார் எண்டு தெரிஞ்சிதான் தெச்சன், அதுக்கு நான் ஓடி ஒளிக்கல்ல. தோல் ஆடு எண்டு இவன் பொய் சொன்னான். நம்பி வாயில வச்சன்."

"அஸ்தஃபிருல்லாஹ்!" எண்டு நிஸாம் நெஞ்சில் கை வைத்தான். தெருவை ஒருக்கால் திரும்பிப் பார்த்தான். பிறகு கிட்ட வந்து குரலை இறக்கினான். "அந்தப் படம் இந்தப் பெட்டிக்குள்ளயா கிடக்கு?"

"வெளியில போங்கடா ரெண்டு பேரும்! நிஸாம், போய் ஊரெல்லாம் சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு. வார் தெச்சவன் நான். பொய் சொன்னவன் இவன்."

பிரகாஸ் படியில் நின்றான். "காக்கா, இன்னும் ரெண்டு செட் தைக்கக் கிடக்கு. புத்தகம் அரைவாசியில நிக்கிது."

"நிலாந்தினிக்கு நான் தெச்சிக் குடுப்பன். முழுக்க மாட்டுத் தோல்ல. படம் புடிக்க அவள் வேற ஆளப் பாக்கட்டும்."

கதவைச் சாத்தினார். ஊசி, கத்தி, மெழுகு எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் போட்டார். அந்த ஊசி பட்ட செருப்பையெல்லாம் இறக்கிக் குவித்தார். பன்றி பட்டதை மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. வாயையும் அப்படித்தான். மண் அள்ளப் பின்வளவுக்குப் போகும்போதும் அந்த வாய் பிரகாஸை ஏசிக்கொண்டுதான் இருந்தது.