செட் மாத்திரை

மூன்று நாள், மறுபடி மூன்று நாள், இன்னொரு மூன்று நாள், கடைசியாக ஐந்து நாள். இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? ஐந்திலிருந்து ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுப்பாகத் தெரியும். மொத்தமாக நான்கு முறை என்று சொல்லிவிட்டால் கேட்பவர் முகம் எப்படி ஆகும்?

அருள்மொழி வார்டு வாசலில் நின்று மனதுக்குள் இதையே புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் கணவன் பரந்தாமன் டாக்டர் நிவேதிதாவிடம் பேசுவது கேட்டது.

"என் ஊட்டுக்காரியும் டாக்டருதான் மேடம். கோட்டுதான் இல்ல. பட்டாபிராம்ல பாதி ஜனம் இது குடுக்கிற மாத்திரையிலதான் எய்ந்து நடக்குது."

"அப்ப நான் உஷாரா இருக்கணும்" என்றார் டாக்டர், அவன் மார்பிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி மூச்சு வாங்கியது.

ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் மருந்துக் கடையில் ஒன்பது வருடமாக அவள் வேலை செய்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிப்புதான். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் கண்ணாடிப் பலகையில் ஒரு கையை வைத்தபடி, "ஜுரத்துக்கு ஒரு செட் குடுக்கா" என்பார்கள். ஜுர மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, கிருமிக்கு ஆண்டிபயாடிக் ஒன்று. வேளைக்கு ஒரு பொட்டலமாக, மூன்று நாளைக்கு மடித்துக் கொடுப்பாள். மறுவாரம் அவர்கள் அதே ஓட்டத்தில் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் யாரும் எதற்கும் அவளிடம் யோசனை கேட்டதில்லை. அந்தத் தலையசைப்புக்காகத்தான் தான் காலையில் எழுந்து கிளம்புகிறோமோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றும்.

மாசி மாதம் பரந்தாமனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, பிடுங்கிக்கொண்டு வந்தான். இரண்டு வாரம் கழித்து ஜுரம் வந்தது. அவள் ஒரு செட் கொடுத்தாள், நின்றது. பத்து நாளில் திரும்பியது. மறுபடி கொடுத்தாள், நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவன், "பார்த்தியா, உன் கை பட்டா ஜுரம் ஓடுது" என்றான். ஒவ்வொரு முறையும் அவள் அதை நம்பினாள். இதற்குள் அவன் எட்டுக் கிலோ இளைத்திருந்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட நாளில்தான் அவனை இங்கே கொண்டுவந்தாள்.

ஸ்கேன் அறையின் திரையில் அவன் இதயத்தை அவள் பார்த்தாள். ஒரு வால்வின் நுனியில் சின்னதாக ஏதோ ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது. கிருமிகள் அங்கே கூடு கட்டியிருக்கின்றன, துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்றார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது, பதினோரு வயதில். வால்வு அப்போதே பழுதாகியிருக்கிறது; பல் பிடுங்கியபோது ரத்தத்தில் கலந்த கிருமி அதில்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஊசி. வலி தாங்காமல் அவனே பதினாறு வயதில் நிறுத்திவிட்டான். பல் டாக்டர் தந்த தாளில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியதும் அவன்தான். அவனுக்கு அது எப்போதோ முடிந்துபோன விஷயம்.

தன்னுடைய பங்கை மட்டும் அவள் சொல்லவில்லை. முதல் நாள், "ஆண்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஜுர மாத்திரைதான்" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றவில்லை. சூடு பட்ட கை தானாகப் பின்னுக்குப் போவதைப் போல வாய் பின்வாங்கிற்று.

கிருமியை வளர்த்துப் பார்க்க மூன்று சிறு பாட்டில்களில் ரத்தம் எடுத்தார்கள். மூன்றிலும் எதுவும் வளரவில்லை.

டாக்டர் வார்டிலிருந்து வெளியே வந்தார். "எந்தக் கிருமின்னு தெரிஞ்சாதான் எந்த மருந்து, எத்தனை வாரம்னு முடிவு பண்ண முடியும். ஏன் வளரலைன்னுதான் புரியல."

"நாலு தடவ குடுத்தேன் மேடம்" என்றாள் அருள்மொழி. மருந்தின் பெயரையும் சொன்னாள். "கடைசியா குடுத்தது இங்க வர்றதுக்கு மொத நாள் வரைக்கும்."

டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "அந்த மாத்திரையில கிருமி சாகல, மறைஞ்சிருக்கு. அதான் வளரல" என்று மட்டும் சொன்னார். "இன்னும் ரெண்டு நாள் ஆண்டிபயாடிக் எதுவும் தராம விட்டு, மறுபடி ரத்தம் எடுக்கலாம். மோசமானா காத்திருக்க மாட்டோம், உடனே ஆரம்பிச்சிடுவோம். அதுவரைக்கும் நாங்க தர்றதத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரு மாத்திரை கூட."

இரண்டு நாள். மருந்து தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள், மருந்தில்லாமல் அவன் வேகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அது அவளிடமிருந்து வெளியே வந்து கட்டிலருகே இன்னொரு ஆளாக நின்றது.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அவனுக்கு நடுக்கம் வந்தது. கட்டிலின் இரும்பு கடகடவென்றது. நர்ஸ் கொடுத்த ஜுர மாத்திரையில் கொஞ்சம் அடங்கி, மீண்டும் ஏறியது. அவள் ஈரத்துணியை நெற்றியில் வைத்தாள். வைத்த வேகத்தில் அது சூடாகியது. பார்வையாளர் நேரம் என்பதால் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அருளு."

"இன்னா மாமா?"

"இவங்க ஒன்னியும் தரமாட்டேன்றாங்க. சும்மா படுக்கப் போட்டு ரத்தம் உறிஞ்சிகினு கீறாங்க." பற்கள் அடித்துக்கொண்டன. "உன் பையில அந்த மாத்திரை கீதா? வெள்ளையா, நீளமா?"

பை அவள் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, சீப்பையும் சோப்பையும் வைத்த அதே கையால் ஓர் அட்டையை அதில் வைத்திருந்தாள். ஆறு மாத்திரைகள். விரலுக்கு அடியில், துணியைத் தாண்டி, அதன் மேடுகள் தட்டுப்பட்டன.

"ஒன்னே ஒன்னு. யாருக்கும் தெரியாது. நீ குடுத்தா நின்னுடும், எனக்குத் தெரியும்."

அவன் கண்களில் சந்தேகம் சிறிதும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் பையின் ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடினாள்.

"கீது மாமா" என்றாள். "தரமாட்டேன்."