கீழே வைத்த கைகள்

கொதிக்கக் கொதிக்க ரசம் மடியில் கொட்டியும் ஸ்னேகா கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, அப்பளம் எடுக்க மாதவி சமையலறைக்குத் திரும்பியிருந்தாள். கணவர் சந்தானம் செல்போனை எட்டி எடுத்தபோது முழங்கை பட்டுப் பாத்திரம் சாய்ந்துவிட்டது. ஐயோ என்று அலறியதும் அவர்தான். மாதவி ஓடி வந்தபோது மகள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். இரண்டு கைகளும் தொடைகளுக்கு அடியில். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருக்க, உதடு மட்டும் அசைந்தது.

"ஹாத் நீச்சே. ஹாத் நீச்சே."

கை கீழே. வங்காள மொழியில் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாதவி அவளைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய் சல்வாரோடு குழாயடியில் உட்கார வைத்தாள். தண்ணீர் விழும்போதும் கைகள் மறுபடி தொடைக்கு அடியில் போயின. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, சூடான துணியை உடனே விலக்கியிருந்தால் தோல் இவ்வளவு உரிந்திருக்காதே, பெண்ணுக்குக் கையில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் மாதவி. சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்னேகாவுக்கு ஆட்டிசம். பேச்சு என்று பார்த்தால் இருபது சொல் தேறாது. மற்றதையெல்லாம் கைகள்தான் சொல்லும். சந்தோஷம் வந்தால் தோளுக்கு மேலே தூக்கி உதறுவாள். பயந்தால் காதோரம் விரல்களை ஆட்டுவாள். வயிறு வலித்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைப்பாள். கல்கத்தா மெட்ரோவில் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதைச் சந்தானத்தால் தாங்க முடிந்ததில்லை. தேயிலைக் கம்பெனியில் பெரிய அதிகாரி. யாரும் முறைத்துப் பார்த்துப் பழக்கமில்லாதவர். போன வருஷம் டாலிகஞ்சில் நடத்தைப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் அவளைச் சேர்த்தார். சில மாதங்களில் கைகள் அடங்கின. ஒரு கச்சேரியில் கடைசிவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அவர் சென்னையிலிருந்த அண்ணாவை ஃபோனில் கூப்பிட்டு, மகள் பரீட்சையில் தேறியதைப் போலச் சொன்னார்.

திங்கட்கிழமை மாதவி வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு அந்த மையத்துக்குப் போனாள். அதை நடத்தும் ஷர்மிஷ்டா மரியாதையான பெண்மணி. கைத்தறிப் புடவை, மெல்லிய குரல். தீக்காயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினாள், டீ வரவழைத்தாள். பிறகு, பயிற்சி எப்படி நடக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்று கணினியில் ஒரு வீடியோவைப் போட்டாள்.

சின்ன மேஜை. எதிரே ஓர் ஆசிரியை. மேஜைமேல் ஒரு பிஸ்கட் துண்டு. ஸ்னேகாவின் கை மேலே எழும்போதெல்லாம் ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் அதை அழுத்திக் கீழே வைத்தாள். பிஸ்கட்டை இன்னும் தள்ளி வைத்தாள். ஸ்னேகா அழுதாள். ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையைக் கவனித்தால் அழுகை வளரும், அதனால் அப்படி என்று ஷர்மிஷ்டா விளக்கினாள். அடுத்த வீடியோவில் ஸ்னேகா தானாகவே கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். ஆசிரியை கைதட்டினாள். பிஸ்கட் கிடைத்தது.

ஷர்மிஷ்டாவின் முகத்தில் நிஜமான பெருமை இருந்தது. யாரும் சொல்லாமல் அவளாகவே செய்கிறாள் பாருங்கள் என்றாள்.

வலித்தால் அவள் எப்படிச் சொல்வாள் என்று மாதவி கேட்டாள். அது அடுத்த கட்டம் என்று பதில் வந்தது. கூடவே, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு வலி கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும் என்றும் ஷர்மிஷ்டா சொன்னாள்.

மாதவிக்கு அந்த டீக்கோப்பையை எடுத்துச் சுவரில் வீச வேண்டும்போல இருந்தது. எழுந்துவிட்டாள். இனி என் பெண் வரமாட்டாள் என்றாள். ஷர்மிஷ்டா அவசரப்படவில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறதே, ஸ்னேகாவின் முன்னேற்றத்தை அதில் காட்டுவதாக இருக்கிறோமே, சந்தானம் சார் சம்மதம் கொடுத்துவிட்டாரே என்றாள்.

சாயங்காலம் சந்தானம் செருப்பைக் கழற்றுவதற்குள் மாதவி கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒத்துண்டேளா?"

"போன வாரமே கேட்டா. சரின்னுட்டேன். அப்போ இதெல்லாம் நடக்கலையே."

"இப்போ நடந்துடுத்தே. வேண்டாம்னு ஒரு ஃபோன் போட்டேளா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நமக்கு அப்புறம் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த விடுதிக்குப் போனாலும் பெண் சும்மா இருப்பாளா என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அந்த மையத்தைப் பகைத்துக்கொண்டால் வேறு எங்கே போவது என்றெல்லாம் சொன்னார். எல்லாம் நியாயமான பயம்தான். மாதவிக்கும் இருந்த பயம்தான். ஆனால் அன்று அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு எரிந்தது.

"சத்தம் போடாம வெந்து போறவளா இருந்தா எல்லாரும் வெச்சுப்பா. அப்படி ஒரு எடம் எம்பொண்ணுக்கு வேண்டாம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை ஸ்னேகாவைப் பக்கத்து ஃபிளாட் வங்காளி அம்மாளிடம் விட்டுவிட்டு மாதவி கூட்டத்துக்குப் போனாள். சந்தானமும் பின்னாலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாற்பது பேர் இருக்கலாம். ஷர்மிஷ்டா அந்த வீடியோவைப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் மாதவி எழுந்து நின்றுவிட்டாள்.

கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளம் தமிழைவிட வேகமாக வரும். ரசம் கொட்டியதைச் சொன்னாள். டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"என் மகளுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது அமைதி இல்லை. வலித்தால் வெளியே காட்டாதே என்று கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு பிஸ்கட் கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் உட்கார்ந்து கை தட்டுகிறோம்."

இதைத் தனியாகப் பேசலாமே என்றாள் ஷர்மிஷ்டா. தனியாகப் பேசித்தான் வந்திருக்கிறேன் என்றாள் மாதவி. கூட்டம் சலசலத்தது. அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். பன்னீர்செல்வம், ஹவுராவில் ரயில்வே பட்டறையில் வேலை. மாதவியைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"எங்க பையன் அர்ஜுனனும் வீட்டுல கை மேலதான் மேடம் உக்காருறான். நல்ல பழக்கம்னு நெனச்சு நாங்களும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தோம்."

சொல்லிவிட்டு அவர் மனைவியோடு வெளியே போனார். இன்னொரு குடும்பமும் எழுந்தது. அவ்வளவுதான். மற்றவர்கள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

வெளியே சந்தில் ஒரு பெண் மாதவியின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். காகலி. கணவன் விட்டுப்போனவள், கரியாஹாட்டில் துணிக்கடையில் நிற்பவள். மகன் அவளைவிட ஒரு முழம் உயரம். முன்பெல்லாம் தினமும் அடிப்பானாம். இங்கே பகலில் அவன் உட்கார்ந்திருப்பதால்தான் அவளால் வேலைக்குப் போக முடிகிறது.

"நீங்கள் வங்கி அதிகாரி. கோபப்பட உங்களுக்கு வசதி இருக்கிறது. இந்த இடத்தை மூட வைத்துவிட்டால் என் பையனை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடட்டுமா?"

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மாதவியின் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றியது. இத்தனை பெரிய ஊர், காகலிக்கு இந்த ஒரு கதவைத்தானே திறந்து வைத்திருக்கிறது. அதற்கு யாரைப் பிடித்து உலுக்குவது?

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அலுவலகத்தில் மையத்தின்மேல் புகார் கொடுத்தாள். அதிகாரிகள் ஒருநாள் மையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். மையம் இணையத்தில் போட்டிருந்த அந்த வீடியோ காணாமல் போனது. மையம் நடந்துகொண்டுதான் இருந்தது.

வெளியேறிய மூன்று குடும்பங்களும் சேர்ந்து தேடியதில் அனுராதா கிடைத்தாள். இளவயது, அவளும் நடத்தைப் பயிற்சி படித்தவள்தான். நடத்தைப் பயிற்சி என்ற பெயரைக் கேட்டதுமே மாதவி சீறினாள். அழுத்திப் பிடிப்பாயா, சாப்பாட்டை ஒளித்து வைப்பாயா என்று குற்றவாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். அனுராதா கோபித்துக்கொள்ளவில்லை.

"இல்லை ஆன்ட்டி. முதல்ல ஸ்னேகா வேண்டாம்னு சொல்லக் கத்துக்கட்டும். அவ சொன்னா நாம நிறுத்திடணும், அப்பதான் சொன்னா நடக்கும்னு அவளுக்குப் புரியும். உங்ககிட்டயும் சொல்லுவா. நீங்க கேக்கலைன்னா நான் வந்து பிரயோஜனம் இல்லை."

பன்னீர்செல்வத்தின் ரயில்வே குவார்ட்டர்ஸில் சனிக்கிழமைகளில் கூடினார்கள். பெற்றோர் இருவரும் வந்தாக வேண்டும் என்பது அனுராதாவின் நிபந்தனை. சந்தானம் முதல் சில வாரங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பிறகு பேப்பர் கொண்டுவருவதை விட்டார். மாதவி காகலியை இரண்டுமுறை ஃபோனில் அழைத்தாள். மூன்றாவது முறை காகலி மகனோடு வந்தாள். மாதவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னீர்செல்வமும் அனுராதாவும் பையனைப் பார்த்துக்கொள்ள, அவள் அங்கிருந்த கட்டிலில் படுத்து இரண்டு மணிநேரம் தூங்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள்.

தை மாதம் சந்தானத்தின் ஒன்றுவிட்ட தம்பி மகள் கல்யாணம், லேக் மார்க்கெட் பக்கத்து மண்டபத்தில். சென்னையிலிருந்து அண்ணா குடும்பமே வந்திருந்தது. பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, லிஃப்ட்வரை வந்த ஸ்னேகா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாம்."

எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று சந்தானம் அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"வேண்டாம்." இந்த முறை மாடிப்படி முழுக்கக் கேட்டது.

அவர் முகம் சிவந்தது. மாதவி பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை இழுத்தால் நடுவில் பாய்வதற்குத் தயாராக இருந்தாள். சந்தானம் கையை எடுத்துவிட்டார். அப்போது அவர் செல்போன் அடித்தது. அண்ணா.

"ஸ்னேகா வரமாட்டேன்னுட்டா, அண்ணா. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லே. அவளுக்கு இஷ்டமில்லே, அவ்வளவுதான். நாங்களும் வரலே."

எதிர்முனையில் நீளமாகப் பேச்சு ஓடியது. அவர் கேட்டுக்கொண்டார். சரி அண்ணா, வெச்சுடறேன் என்று சொல்லி வைத்தார். ஸ்னேகா எழுந்து வீட்டுக்குள் போய்ப் பூவைப் பிடுங்கி சோபாவில் எறிந்தாள்.

மாதவி பட்டுப்புடவையோடு தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். அவர்மேல் இருந்த கோபம் அன்று கொஞ்சம் குறைந்தது; முழுவதும் போகவில்லை. அந்த மையத்தின்மேல் இருந்தது அப்படியேதான் இருந்தது. புகார் என்ன ஆயிற்று என்று கேட்கத் திங்கட்கிழமைக்கு அவள் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்தாள்.