கடைசியாக மிஞ்ச வேண்டியவன்

ஓங்கிய கோடாரியை அப்படியே நிறுத்திவிட்டேன். எதிரே நின்ற பயல் ஓடவில்லை. காயம்பட்ட ஒருத்தியைத் தனக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தான். அடுத்தவருக்காக அடி வாங்கப் போகும்போதெல்லாம் இந்தக் கோணங்கித்தனத்தைச் செய்கிறவன் என் தம்பி ஹான்சோல்.

“என்னடி பாத்துக்கிட்டே நிக்கிற? போடு!” என்றாள் போரா, ராம்யன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. ஒரே சலூனில் முடிவெட்டும் வேலை பார்க்கிற நாங்கள், விடுமுறை என்றால் மதியமே இந்த ‘பிசி பாங்’ கணினி ஆட்டக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவோம்.

ஆட்டத்தில் நான் கொலைகாரி. தப்பி ஓடுகிறவர்கள் நான்கு பேர், இணையம் வழியாக எங்கிருந்தோ வந்து சேருகிற முகம் தெரியாதவர்கள். ஆட்டம் முடியும்வரை கொலைகாரிக்கு வாய் கிடையாது. முடிந்தபின் நாலு வரி எழுதலாம்தான், ஆனால் செத்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். என்னோடு மிச்சம் இருப்பது கடைசியாக மிஞ்சுகிற ஆள் மட்டும்தான். ஹான்சோல் கடைசியாக மிஞ்ச வேண்டும்.

அப்பா கை நீட்டிய அன்று வீட்டைவிட்டுப் போனவன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். என்றைக்காவது வந்தால் வெளியே நிற்கக் கூடாதென்று, வாசல் பூட்டின் எண்ணை மாற்ற அம்மா யாரையும் விட்டதில்லை. வரும் சனிக்கிழமை நாங்கள் வீடு மாறுகிறோம். அதற்குப் பிறகு அவன் வந்து அந்த எண்ணை அழுத்தினால், உள்ளே இருக்கிற யாரோ போலீசைக் கூப்பிடுவார்கள்.

மற்ற மூவரையும் விரட்டிப் பிடித்துக் கொக்கியில் மாட்டினேன்; யாரும் கழற்றிவிடாவிட்டால் தொங்கியே சாவார்கள். மாட்டிய ஒவ்வொருவரையும் கழற்றிவிட ஓடி ஓடி வந்தான் பாவி.

“ஒளிஞ்சுக்கோடா மடையா!”

“யாரைடி திட்டுற?”

“என் தம்பிடி அது.”

“உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. பாதிப் பசங்க இப்படித்தான் ஆடுறானுங்க.”

இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருமுறை குறி தவறிக் கோடாரி அவன் முதுகில் இறங்கியது. காதுக்குள் அவன் முனகல் கேட்டது. அன்றைக்கும் இப்படித்தான் முனகினான். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று பேரும் செத்தார்கள். கடைசி ஆளுக்கென்று தரையில் ஒரு கதவு திறக்கும். பிடித்தமான எதிரியை அதன் வழியே போகவிடுவது எங்களுக்குள் ஒரு மரியாதை. நான் விலகி நின்றேன். அவன் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குதித்தான்.

முடிவுத் திரை வந்தது. அவன்தான் முதலில் எழுதினான்.

“பிச்சை போடுறியா? என்னை மட்டும் ஏன் விட்ட?”

“ஹான்சோல், நான் தாசோம் அக்காடா. சனிக்கிழமை வீடு மாறுறோம்.”

போரா கிண்ணத்தை வைத்துவிட்டு என் திரையை எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளையிடம் போய் உளறிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

“அப்பாவும் வர்றாரா?” என்று வந்தது.

போரா என் கையைப் பிடித்தாள். “இல்லன்னு போடு. மொதல்ல அவன் வந்து சேரட்டும். மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“இல்லை” என்று அடித்தும்விட்டேன். பிறகு அழித்தேன். புது வீட்டின் விலாசத்தையும் வாசல் பூட்டின் எண்ணையும் எழுதி, அதற்குக் கீழே “வர்றார்” என்று போட்டு அனுப்பினேன்.

திரையில் அவனுடைய ஆள் முதுகில் கிழிந்த சட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் போகாமல் நின்றான்.