சுவரோரம் நின்ற மூன்றாம் வண்டி

தலைவன் இல்லாமலே வேலை நடக்க வேண்டும் என்பதுதான் ஷிபாவின் எம்.டெக். புராஜெக்ட். ஐந்து குட்டி ரோபோ வண்டிகள் சேர்ந்து ஒரு தெர்மோகோல் பெட்டியைத் தள்ளும். ஒவ்வொன்றும் நொடிக்கொருமுறை ரேடியோவில் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். ஒன்றிடமிருந்து மூன்று நொடி சத்தம் வராவிட்டால், ‘அது போய்விட்டது’ என்று மற்றவை ரேடியோவிலேயே தமக்குள் சொல்லிக்கொண்டு அதன் பங்கையும் தாங்களே தள்ளும்.

திங்களன்று மூன்றாம் வண்டியின் ரேடியோவில் பேசும் வயர் மட்டும் அறுந்தது. மற்ற நாலும் அதன் இடத்தை நிரப்பிக்கொண்டன. இதுவோ பழைய இடத்துக்கே வந்து முட்டி, பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. எரிச்சலில் ஷிபா ஒரு விதி எழுதிச் சேர்த்தாள்: நீ போய்விட்டதாக மற்றவை சொல்லக் கேட்டால், ஒதுங்கி நில்.

வியாழனன்று கைடு சத்தியதாஸ் சார் பார்க்க வந்தார். மார்த்தாண்டத்துக்காரர்; வெளிமாநிலத்திலிருந்த அந்தக் கல்லூரியில் அவளிடம் தமிழில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். மறுபடி ஒட்டியிருந்த அந்த வயரை, சோதித்துப் பார்க்க அவரே பிடுங்கிவிட்டார். சற்று நேரத்தில் மூன்றாம் வண்டி மெல்லத் திரும்பி, சுவரோரம் போய் நின்றது. மற்ற நாலும் பெட்டியைப் பிசகாமல் கோட்டில் கொண்டு சேர்த்தன.

சார் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

“செத்துப் போச்சா அது?”

“இல்ல சார். பேச்சு மட்டுந்தான் போச்சு.”

“பின்ன என்னத்துக்கு அங்க போய் நிக்கு?”

விதி சரியாகவே வேலை செய்திருந்தது. ஷிபாவும் பெட்டியை விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“மத்தது சொல்லுறது காது கேக்குமே சார்.”