உறையக் கூடாத மருந்து

டிக்கெட் போட்டாகிவிட்டது என்ற செய்தி வந்தபோது ரோகிணி நாவலூர் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். பொங்கல் விடுமுறையில் மூன்று பேரும் அல்மாட்டிக்குப் போகிறோம், டெல்லியில் விமானம் மாற வேண்டும், விசா வேண்டாம், நகரத்தை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே பனிச்சறுக்கு மலை என்று அவள் கணவன் ராகவன் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியிருந்தான். கடைசியில் ஒரு படம். கேபிள் காருக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு சரிவு, அதில் எறும்பு எறும்பாக மனிதர்கள். ரோகிணி டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

வேறு அம்மாவாக இருந்தால் ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று யோசித்திருப்பாள். ரோகிணியின் பெண் ஸ்வாதிக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரைக்கும் நடைப்பயிற்சிக்கும் அடங்குகிற வகை அல்ல. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தில், காலையிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்த பெண், பந்தியில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் சரிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது வேறொரு வாழ்க்கை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். ஓடியாடினால் சர்க்கரை இறங்கும். இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். யாரும் கவனிக்காவிட்டால் நினைவு தப்பிவிடும். இரண்டு வருடமாக ரோகிணி பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாழ்ந்தாள்.

செங்கல்பட்டு வெயிலில் அந்த மருந்தைக் காப்பதே பெரும்பாடு. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் பக்கம் யாரையும் விடமாட்டாள். வெளியே கிளம்பினால் ஈரத்துணி சுற்றிய பைக்குள்தான் இன்சுலின் ஊசிப் பேனா இருக்கும். இப்போது பார்த்தால் எல்லாம் தலைகீழ். குளிரில் உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். உருகிய பிறகு பார்க்க முன்போலவே தெளிவாக இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது. இதை அவள் போனில் திரும்பத் திரும்பப் படித்தாள். வெயிலில் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போதுதான் பழகியிருந்தாள்.

ராகவன் கல்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளன். தினமும் செங்கல்பட்டிலிருந்து அலுவலகப் பேருந்தில் போய் வருகிறவன். எதற்கும் பதறாத சுபாவம். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே," என்றான் ராகவன், ஷூவைக் கழற்றியபடி.

"வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கும்ல?"

"காரணம் எப்பவும்தான் இருக்கும் ரோகிணி. அவ ஸ்கூல் டூருக்குப் போகல, நீச்சல் வேண்டாம்னு நிறுத்திட்டோம். எவ்வளவு நாளைக்கு?"

அதற்குள் ஸ்வாதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலுறையை மாட்டிக்கொண்டு ஹாலில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாகச் சறுக்கிப் பழக ஆரம்பித்துவிட்டாள். போனில் எந்நேரமும் பனிச்சறுக்கு வீடியோ. முழங்காலை மடக்கு, முன்னால் சாய், விழுந்தால் பக்கவாட்டில் விழு என்று அப்பாவுக்கே பாடம் எடுத்தாள். புதிதாகப் பழகும் குழந்தைகளுக்கு அங்கே தனி வகுப்பு உண்டு, பெற்றோர் தடுப்பு வலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று அவள் சந்தோஷமாகச் சொன்ன அன்றே ரோகிணி டாக்டரிடம் நேரம் கேட்டு போன் செய்தாள்.

மறுவாரம் டாக்டர் பரணிதரனிடம் போனார்கள். ஆரம்பத்திலிருந்து ஸ்வாதியைப் பார்த்துவருபவர். அவர் முடியாது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் ரோகிணி போனாள். அவரோ, தாராளமாகப் போகலாம் என்றார். மருந்தைக் கைப்பையில் மட்டும் கொண்டுபோக வேண்டும், மலையில் உள்சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், விளையாடுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட வேண்டும், இடையிடையே சர்க்கரை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரை பார்க்கும் மீட்டர் குளிரில் மக்கர் செய்யும், அதையும் கதகதப்பாக வைத்திருங்கள் என்றார். பிறகு ரோகிணியை விட்டுவிட்டு ஸ்வாதியைப் பார்த்து, உன் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஸ்வாதி மேசையைப் பார்த்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் அன்பரசிக்குக்கூடத் தெரியாது. பள்ளிக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் ஊசி போட்டுக்கொள்வாள். கூட இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியமான மருந்து என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ரோகிணி ஒரு யோசனை சொன்னாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செயற்கைப் பனி அரங்கு ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பார்ப்போம், சரியாக வந்தால் அல்மாட்டி. ராகவனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் அந்த ஒத்திகை தோற்க வேண்டும் என்று ரோகிணி உள்ளூர விரும்பினாள். அதை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் போனார்கள். வெளியே டிசம்பர் மாதத்திலும் கசகசவென்று இருந்தது. அரங்கின் வாசலில் கோட்டும் கையுறையும் பூட்ஸும் கொடுத்த பூங்கொடி என்ற பெண், குழந்தைக்கு இதுதான் அளவு என்று சரியாக எடுத்துக் கொடுத்தாள். உள்ளே கதவு திறந்ததும் மூச்சு புகையாக வந்தது. அரைத்துக் கொட்டிய ஐஸ், ஒரு சின்னச் சறுக்குமேடு, காதைப் பிளக்கும் பாட்டு. ஸ்வாதி கத்திக்கொண்டு ஓடினாள். ரோகிணி மீட்டரைக் கையில் பிடித்தபடி மேட்டின் அடியிலேயே நின்றாள்.

பெண் இரண்டு தடவை சறுக்கி வருவதற்குள் பிடித்து இழுத்துக் கையுறையைக் கழற்றினாள். விரல் விறைத்திருந்தது, குத்தினால் ரத்தம் வரவில்லை. பிதுக்கிப் பிதுக்கி ஒரு பொட்டு வந்தபோது மீட்டர் எண்ணைக் காட்டாமல் பிழை என்று காட்டியது. இன்னொரு விரல். மறுபடியும் பிழை. பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த அக்காக்கு என்னா ஆச்சு?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது.

ஸ்வாதியின் முகம் சிவந்தது. எனக்கு ஒன்றுமில்லை, விடும்மா என்றாள். ரோகிணிக்கு அது காதில் விழவில்லை. பெண் நன்றாக இருக்கிறாளா, சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாத அந்த நிலையை அவளால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்துவிட்டாள். வெளியே ராகவன் மீட்டரைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தான். சர்க்கரை சரியாகவே இருந்தது. ஸ்வாதி நனைந்த பேன்ட்டை மாற்றிக்கொண்டு, காரின் பின்சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக வீட்டுக்குப் போவதாகத் திட்டம். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்று சாப்பாடு சொன்னார்கள். ஸ்வாதி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் ரோகிணி தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். பத்து நிமிடம்கூட முடியவில்லை, அங்கே மலை மேல் என்ன செய்வோம் என்றாள். மீட்டரைக் கதகதப்பாக வைக்க டாக்டர் சொன்னதை நாம்தான் மறந்தோம் என்றான் ராகவன்.

"வேண்டாங்க. கேன்சல் பண்ணிடுங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ராகவனின் கண் அவளைத் தாண்டிப் போவதைப் பார்த்துத் திரும்பினாள். ஸ்வாதி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மருந்துப் பையை மேசையில் வைத்தாள்.

"வேர்த்தாலும் பயம், குளிர்ந்தாலும் பயம்," என்றாள். "நான் எங்கதாம்மா இருக்கறது?"

சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே திரும்பினாள். அழுதுவிட்டு முகம் கழுவப் போகிறாள், கொஞ்சம் விடு என்றான் ராகவன். இலை போட்டார்கள். சாதம் வந்தது. சாம்பார் வந்தது. ஸ்வாதி வரவில்லை. ரோகிணி எழுந்து போய்ப் பார்த்தாள். கை கழுவும் இடத்தில் யாருமில்லை. பக்கத்தில் ஒரு கதவு சந்துக்குத் திறந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு மருந்துப் பையின் ஞாபகம் வந்தது. மேசைக்கு ஓடிவந்து திறந்தாள். பயன்படுத்திய ஊசி முனைகளைப் போடும் சின்ன டப்பாவில் புதிதாக ஒன்று கிடந்தது. சாப்பாட்டுக்கான ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டாள். வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. மீட்டர் இங்கே, போன் இங்கே. எப்போதும் பாக்கெட்டில் வைத்திருக்கும் குளுக்கோஸ், காரில் கிடக்கும் ஈர பேன்ட்டுக்குள்.

ராகவன் பேருந்து நிலையத்துப் பக்கம் ஓடினான். அவன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. ரோகிணி மருந்துப் பையோடு கடற்கரைப் பக்கம் ஓடினாள். விடுமுறைக் கூட்டம். எங்கோ வெளியூர்ப் பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். எல்லாம் ஸ்வாதி உயரம், எல்லாம் இரட்டைப் பின்னல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கல் சிற்பக் கடைக்காரரிடம், நீலச் சட்டை, பதிமூன்று வயது என்று சொல்ல முயன்றாள். பாதியிலேயே அடுத்த கடைக்கு ஓடினாள். இந்நேரம் மருந்து ரத்தத்தில் வேலையை ஆரம்பித்திருக்கும். எங்காவது மணலில் சாய்ந்து கிடந்தால், தூங்குகிறாள் என்று எல்லாரும் தாண்டிப் போவார்கள். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதானே இத்தனை நாள் இருந்தது.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நான்தான்," என்றாள் ஸ்வாதி. குரல் மெதுவாக, ஆனால் தெளிவாக இருந்தது. "கோயிலுக்குப் போற வழியில கரும்பு ஜூஸ் கடை. ஜூஸ் குடிச்சுட்டேன். உக்காந்திருக்கேன். மீட்டர் எடுத்துட்டு வா."

தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. வண்டிக்காரி காசியம்மாள் ஒரு அட்டையை எடுத்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா நீ, பட்டினியா கீற புள்ளைய வுட்டுட்டு?" என்றாள் காசியம்மாள். "கை உதறிக்கினு வந்து நின்னுச்சு. எனக்கு சுகரு, ஊசி போட்டுக்கினேன், இன்னும் துன்னல, கையில டப்பு இல்ல, சீக்கிரம் ஒரு கிளாஸ் குடுங்கன்னுச்சு. நான் பயந்தே பூட்டேன். ரெண்டாவது கிளாஸுக்கு அப்பாலதான் மூஞ்சி தெளிஞ்சுது."

ரோகிணிக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து பெண்ணின் விரலைக் குத்தினாள். எண் குறைவுதான், ஆனால் ஆபத்தைத் தாண்டியிருந்தது. ரோகிணி போனில் சொன்ன இடத்துக்கு ராகவன் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, கையில் கிடைத்த பன் பாக்கெட்டைப் பிரித்தான். ஸ்வாதி மெதுவாகத் தின்றாள்.

"பயமா இருந்துச்சும்மா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நடக்கும்போதே தெரிஞ்சுது. திரும்பி வரலாம்னா தூரமா இருந்துச்சு. அந்த அம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி வெக்கமா இருந்துச்சு. அப்புறம் சொல்லிட்டேன்."

"இனிமே இப்படிச் சொல்லாம போகாதே."

"நீயும் எங்கிட்ட கேக்காம கேன்சல் பண்ணாதே."

ரோகிணி சரி என்று தலையை ஆட்டினாள்.

டிக்கெட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அடுத்த சில வாரங்கள் ரோகிணியின் பயம் குறைந்தது என்று சொல்ல முடியாது. அது வேலையாக மாறியது. தையல்காரரிடம் கொடுத்து ஸ்வாதியின் உள்சட்டையில் விலாவுக்குப் பக்கமாக, குளுக்கோஸும் மீட்டரும் வைக்கப் பை வைத்துத் தைத்தாள். இரண்டாவது மீட்டர் வாங்கினாள். மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைத் தன்னிடமும் ஒன்றை ராகவனிடமும் வைப்பது என்று முடிவாயிற்று. ஸ்வாதி தன் பங்குக்கு, எனக்கு நீரிழிவு நோய் இருக்கிறது என்பதை அங்கே பேசும் ரஷ்ய மொழியில் எப்படிச் சொல்வது என்று போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். அன்பரசியிடம்தான் முதலில் சொல்லிக் காட்டினாள். அர்த்தம் கேட்ட அன்பரசிக்குத் தமிழிலும் சொன்னாள்.

அல்மாட்டியில், மலை மேல் அன்று வெயிலும் குளிரும் சேர்ந்து கண்ணைக் கூச வைத்தன. பயிற்சி கொடுக்க வந்த இளைஞனிடம் ஸ்வாதி நேராகப் போய்த் தன் வாக்கியத்தைச் சொன்னாள். அவன் குனிந்து ஏதோ கேட்டான். அது அவளுக்குப் புரியவில்லை. விலாப் பக்கம் தட்டிக் காட்டி, வாயில் போட்டுக்கொள்வது போல் சைகை செய்தாள். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். பிள்ளைகள் வரிசையாக மேலே போனார்கள்.

ரோகிணி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் ஒரே மாதிரி ஹெல்மெட், ஒரே மாதிரி மேலங்கி. கொஞ்ச நேரத்திலேயே தன் பெண் எது என்று தெரியாமல் போயிற்று. ராகவனைக் கேட்டாள், அவனுக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளை விழுந்தது, எழுந்தது. இன்னொன்று விழுந்தது. ரோகிணியின் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அப்போது வரிசையிலிருந்து ஒரு பிள்ளை விலகி வந்து பனியில் உட்கார்ந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றியது, மேலங்கியைத் திறந்து உள்ளே கைவிட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. ரோகிணியின் உடம்பு வலையைத் தாண்ட முன்னால் சாய்ந்தது. ராகவன் தடுக்கவில்லை. அவளே நின்றுகொண்டாள்.

அந்தப் பிள்ளை மென்றுகொண்டே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பிறகு மேலங்கியை மூடி, கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றது.