சாமி தள்ளிய சேவல்

கோதண்டராமனின் கால் முறிந்தபோது அவன் அக்கா சரோஜா செய்த முதல் காரியம், தம்பி எழுந்து நடந்தால் ஒரு சேவல் அறுப்பதாகக் கீழ்பென்னாத்தூர் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டது. இரண்டாவது காரியம் தன் ஊருக்கு பஸ் ஏறியது. பீ மூத்திரம் எடுத்தது, புரட்டிப் படுக்கவைத்தது, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டது, தோள் கொடுத்து நடக்கப் பழக்கியது எல்லாம் அவன் மனைவி சந்திரகலா. அவன் நடந்தான். பெயர் முனீஸ்வரனுக்குப் போனது.

நேர்ந்துவிட்ட சேவல் வேங்கிக்காலில் கோதண்டராமன் வீட்டின் பின்பக்கம் வளர்ந்தது. ஆடியில் அறுப்பதாகப் பேச்சு. அதற்குள் பக்கத்து மனைக்கு வந்த செங்கல் வண்டி பின்னால் எடுக்கும்போது அதை இடித்துவிட்டது. ஒரு கால் முறிந்தது, இன்னொன்று வீங்கிப்போனது. எழ முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டது.

சரோஜா வந்து பார்த்தாள். ஊனமான உயிரைச் சாமிக்கு அறுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

"சாமி தள்ளிடுச்சு. வேற சேவல் பாத்துக்கலாம். எளச்சுப் போறதுக்குள்ள இத கொழம்பு வச்சிடு."

"வைக்க மாட்டேன் அண்ணி."

"நடக்காத சேவல வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. நடக்காத மனுஷனை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லையே!

ஐஸ் குச்சி வைத்துக் காலைக் கட்டினாள். பழைய பனியனில் இரண்டு ஓட்டை போட்டுக் கால்களை அதில் விட்டாள். ஸ்டூலைக் கவிழ்த்து, அதன் கால்களில் பனியனைக் கட்டி, பாதம் பலகையில் படுகிற மாதிரி தொங்கவிட்டாள். கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டி ஊட்டினாள். நெஞ்சு தேய்ந்து சிவந்த இடத்தில், புருஷனுக்குப் போட்ட அதே பவுடர். சேவலுக்கு நன்றியாவது ஒன்றாவது, தூக்கும்போதெல்லாம் கொத்தியது. கோதண்டராமனும் படுத்திருந்த மாதங்களில் இப்படித்தான் எரிந்து விழுந்தான்.

"கொத்துடா. தெம்பு இருந்தாத்தான கொத்துவ" என்பாள்.

தெருவே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு வாய் வலிக்கும்வரை சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்தபோது சேவல் நின்றது. பிறகு நடந்தது. ஒருநாள் மதில்மேல் ஏறிக் கூவியது. செய்தி கேட்டதும் சரோஜா பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"பாத்தியா, முனீஸ்வரன் விடல. அவருக்குனு இருந்தது அவருக்குத்தான். ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வந்துடுங்க."

கோதண்டராமன் மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டான். "கலா, இன்னும் நொண்டுதுனு சொல்லிடலாம். அக்கா உட்டுடும்."

நல்ல யோசனைதான். ஒரு பொய்யில் சேவல் பிழைத்துவிடும். ஆனால் அத்தனை பாடுபட்டு நடக்கவைத்துவிட்டு, நடக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்வதா?

வெளியே வந்தாள். அவனும் பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"நொண்டல அண்ணி. ஜோரா நடக்குது. நான் நடக்க வச்சேன். சாமி தள்ளிடுச்சுனு நீங்கதான சொன்னீங்க? தள்ளுனத நான் எடுத்துக்கிட்டேன். சாமிக்கு வேற சேவல் குடுங்க, நான் குறுக்க வரல. இது எங்கயும் வராது."

சரோஜாவின் முகம் கறுத்தது. "சாமி குத்தம் ஆயி, என் தம்பி கால் மறுபடி போச்சுனா?"

சந்திரகலாவுக்குப் பயம் வராமல் இல்லை. கண் தானாகப் புருஷனின் காலுக்குப் போனது. லுங்கிக்குக் கீழே தழும்பு தெரிந்தது. அந்த இடத்தை எத்தனை முறை துடைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"போச்சுனா நான்தான் பாக்கப்போறேன்" என்றாள். "அப்பவும் நீங்க நேந்துக்கினு ஊருக்குத்தான் போவீங்க அண்ணி."

கோதண்டராமன் எழுந்து, அக்காவை பஸ் ஏற்றிவிட வண்டிச் சாவியை எடுத்தான்.